படகின் தோலுக்குள் தண்ணீர்

பினாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். லங்காவியில் 38 அடிப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறதாம். 1980களில் கட்டியது, கண்ணாடியிழை உடல், பார்க்கப் புதுப்பெண் போலப் பளபளக்கிறதாம். சர்வேயர் ஒருவரை வைத்துப் பரிசோதித்த பிறகு வாங்குங்கள் என்று அனுபவசாலி நண்பர் சொல்ல, விசாரித்தால் சர்வேயர் கூலி தனி, படகைக் கரையேற்றும் கிரேனுக்கு வாடகை தனி. “ஒருவர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போக இவ்வளவு பணமா?” என்பது அவர் முதல் கேள்வி. “படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்கிறார்களே?” என்பது இரண்டாவது.

முதலில் சுத்தியல். சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் விரல் கணுவால் தட்டிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்த பானையில் அதிர்வு கீறலைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே தேய்ந்து, சொத்தென்று அடங்கிவிடும். சர்வேயரின் சின்னஞ்சிறு சுத்தியல் செய்வதும் இதே வேலை. கண்ணாடியிழைப் படகு, பிசினில் தோய்த்த இழைப் பாய்களை அப்பளக் கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. ஒட்டு விட்ட இடத்தில் ஒலி மந்தமாகும். மேல்தளத்தில் பல படகுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து இரு பக்கமும் கண்ணாடியிழை பூசியிருப்பார்கள். எங்கோ ஒரு திருகாணித் துளை வழியே மழைநீர் இறங்கி அந்த மரம் ஊறிப்போயிருந்தால், தட்டும்போது ஈரச் சாக்கைத் தட்டியது போல இருக்கும்.

அடுத்த கருவி ஈரமானி. மின்புலத்துக்குத் தண்ணீர் காட்டும் எதிர்வினை மற்றப் பொருள்களைவிட மிக வலுவானது. மின்கடவாப் பொருள் மாறிலி என்று பாடத்தில் படித்த அந்த எண் தண்ணீருக்கு ஏறத்தாழ 80, காய்ந்த கண்ணாடியிழைக்கு நான்கைந்துதான். அந்த இடைவெளியைத்தான் கருவி மோப்பம் பிடிக்கிறது. ஆனால் படகின் அடியில் பாசி ஒட்டாமலிருக்கப் பூசும் செப்புக் கலப்புள்ள சாயமும் அதை ஏமாற்றும், உள்ளே இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஏமாற்றும். அதனால் நல்ல சர்வேயர் ஆங்காங்கே உள்ளங்கையளவு சாயத்தைச் சுரண்டிவிட்டுத்தான் கருவியை வைப்பார். முள் சிவப்புக்குப் போனதும் அலறிவிடக் கூடாது. அது ஈரத்தின் விழுக்காட்டைச் சொல்வதில்லை. ஓரிடத்தைவிட இன்னோரிடம் கூடுதலாக ஊறியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

ஊறுமா? பிளாஸ்டிக் ஊறுமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் படகு வாங்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். கிரேனின் பட்டைகளில் படகு சொட்டச் சொட்டத் தொங்கியது. சர்வேயர் டார்ச்சை உடலோடு ஒட்டினாற்போல் பிடித்து, வெளிச்சத்தைச் சாய்வாக ஓட விட்டார். நேராகப் பார்த்தால் மொழுமொழுவென்றிருந்த பரப்பில் நூற்றுக்கணக்கான சின்ன நிழல்கள் எழுந்தன, அம்மைக் கொப்புளம் போல. அவற்றில் புளியங்கொட்டை அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கூரிய முனையால் குத்தினார். பீச்சியடித்தது! ஒரு முழம் தூரம் வந்திருக்கும். மிச்சத்தை விரலில் தொட்டேன். பிசுபிசுத்தது. முகர்ந்தேன். வினிகர் வாசனை. சர்வேயர் சட்டைப் பையிலிருந்து ஒரு நீல லிட்மஸ் தாளை எடுத்து அதில் ஒற்றினார். சிவந்தது.

கடலில் மிதந்த படகுக்குள் வினிகர் எப்படி வந்தது?

படகின் வெளித்தோல் ஜெல்கோட் என்ற பளபளப்பான பூச்சு. தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர், அதாவது ஐந்து தாளை அடுக்கினால் வரும் அளவு. கண்ணுக்கு அது கண்ணாடி போல இறுகியிருக்கிறது. நீர் மூலக்கூறுக்கோ அது சல்லடை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டே இருக்கும். வெறுமனே நுழைந்தால் பெரிய தீங்கில்லை. உள்ளே அதற்கு விருந்து காத்திருப்பதுதான் சங்கடம். பிசினில் வினைபுரியாமல் தங்கிவிட்ட கிளைக்கால் என்ற ஒரு வகை ஆல்கஹாலின் துளிகள் அங்கே இருக்கின்றன. நறுக்கிய இழைப் பாயை உதிராமல் பிடித்து வைக்கும் பசையும் இருக்கிறது, பெரும்பாலும் தச்சர்கள் பலகைக்குப் பூசும் வெள்ளைப் பசையின் உறவு. அந்தப் பசையை நீர் பிரித்தால் கிடைப்பது அசிட்டிக் அமிலம். வினிகர் வந்த வழி இதுதான்.

இப்போது தோலுக்கு உள்ளே ஒரு நுண்ணிய குழியில் அடர்ந்த கரைசல். வெளியே நீர்த்த கரைசலாகக் கடல். நடுவே நீரை விட்டுவிட்டு, பெரிய மூலக்கூறுகளை மறிக்கும் சவ்வாக ஜெல்கோட். பள்ளியில் உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டு உப்ப வைத்தோமே, அதே சவ்வூடு பரவல். நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், கிளைக்கால் வெளியேற வழியில்லை. இந்த அழுத்தம் எவ்வளவு வலியது என்பதற்கு ஓர் அளவு: நன்னீருக்கும் கடல்நீருக்கும் நடுவே சவ்வு வைத்தால் எழக்கூடிய சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 27 வளிமண்டலம். கார் டயரில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அரை மில்லிமீட்டர் தோல் என்ன செய்யும்? உப்பும்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பாலியெஸ்டர் என்பதே அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்த சங்கிலி. ஆலையில் அந்தப் பிசினைக் காய்ச்சும்போது அந்தச் சங்கிலி நீர் மூலக்கூறுகளை வெளியே தள்ளிவிட்டுத்தான் உருவானது. அன்று துரத்திய நீர் முப்பது ஆண்டு கழித்து ஜெல்கோட் வழியே திரும்பி வந்து நிற்கிறது, கையில் அமிலத்தையும் வைத்துக்கொண்டு. வினை பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. நீராற்பகுப்பு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். பிணைப்பு அறுந்தால் இன்னும் கொஞ்சம் அமிலம், இன்னும் கொஞ்சம் கிளைக்கால். கரைசல் மேலும் அடர்த்தி. மேலும் நீர். கடன் வட்டிக்கு வட்டி போடுவது போல.

இதில் ஒரு வேடிக்கை. உப்புத் தண்ணீர்தான் படகைத் தின்னும் என்று எல்லோரும் நினைப்போம். இந்தக் கொப்புள விஷயத்தில் கடலைவிட நன்னீர் ஏரி மோசம். வெளியே எவ்வளவு உப்பு இருக்கிறதோ, அந்த அளவுக்கு உள்ளே வரும் இழுவை குறைகிறது. அடிவயிற்றில் தேங்கிய மழைநீரைப் பல நாள் இறைக்காமல் விட்டால் படகு உள்பக்கத்திலிருந்தும் ஊறும். லங்காவிக்கு உப்பு சாதகம். ஆனால் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான அந்தத் தண்ணீர் பாதகம், ஏனென்றால் சூட்டில் எல்லா வினையும் வேகமெடுக்கும்.

சிகிச்சையும் இந்த வேதியியலிலிருந்தே பிறக்கிறது. ஜெல்கோட்டைச் சீவி எடுத்துவிட்டு வெயிலில் காயப்போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நீர் ஆவியாகிவிடும், கிளைக்கால் போகாது. இவ்வகைப் பிசினில் வழக்கமான புரோப்பிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ். போகாததோடு, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். அதனால் ஊறிய படகைக் காயவைக்க, முதலில் அதை நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கிளைக்கால் கரைந்து போன பிறகே உலர்த்தல், அதற்குப் பிறகு எப்பாக்ஸிப் பூச்சு. மாதக்கணக்கான வேலை. விலை பேசும்போது இதை மனத்தில் வையுங்கள்.

இந்த மர்மத்தை அவிழ்த்ததில் 1980களில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்குண்டு. பணம் கொடுத்தது அமெரிக்கக் கடலோரக் காவல் படை. பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளுக்குப் பொதுப் பணமா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் நியாயமாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் நீரைத் தாங்கும் வினைல் எஸ்டர் போன்ற பிசின்களை வெளி அடுக்கில் பூசும் வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையை நிறைத்த ஃபைபர் படகுகளும் இதே பொருளின் பிள்ளைகள். அவை அன்றாடம் மணலில் ஏறி வெயில் காய்வதால் கொப்புளத்துக்குத் தப்பிக்கின்றன. ஆய்வுக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் “இதனால் யாருக்கு லாபம்” என்று முதல் பக்கத்திலேயே கேட்பதை நிறுத்தினால் நல்லது என்பது என் நெடுநாள் புலம்பல்.

சரி, கொப்புளம் இருந்தால் படகு மூழ்குமா? அநேகமாக மூழ்காது. இவ்வளவு நேரம் கொப்புளத்தைக் கொஞ்சிவிட்டு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆளைக் கொல்வது வேறு இடங்கள். நம் கடற்கரைக்காரர்கள் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டை, இந்தப் படகுகளில் கீல் என்ற பெயரில் டன் கணக்கான எடையோடு போல்ட்டுகளில் தொங்குகிறது. 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ரஃபீக்கி என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக்கில் கவிழ்ந்து, அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். கவிழ்ந்த உடலைக் கண்டுபிடித்தபோது கீல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. முன்பு தரைதட்டிய அடிகளும் அதற்குச் செய்த பழுதுகளும் சேர்ந்து கட்டுமானத்தைத் தளர்த்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. அதனால்தான் சர்வேயர் தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பைத் தேடிக் குப்புறப் படுத்துக்கிடக்கிறார்.

பாய்மரக் கம்பிகளைத் தாங்கும் எஃகுத் தகடுகளும் அப்படித்தான். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம். கீறல் விழுந்தால் காற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தானே ஆறிவிடும். மேல்தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில், ஈரமான பசைக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும் எஃகுக்கு அந்த ஆக்சிஜன் கிடைப்பதில்லை. வெளியே வெள்ளி போல் மின்னும் தகடு உள்ளே பாதியாகத் தேய்ந்திருக்கும். தண்ணீர்க் குழாய் வால்வு பித்தளையாக இருந்தால் ஒரு கத்தி முனையால் சுரண்டினாலே போதும்: மஞ்சளாகத் தெரிந்தால் நலம், செந்நிறமாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய்ச் செப்புப் பஞ்சுதான் மிச்சம். என்ஜினை நீங்களே தொட்டுப் பாருங்கள். போனதும் சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் என்ஜினை யாரோ முன்கூட்டியே எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பெயர் மாற்றும் விவகாரம். மேல்நாட்டு மாலுமிகளிடமிருந்து தொற்றிய பயம் அது. கடல் எந்தப் படகின் பெயரையும் படிப்பதில்லை. தாராளமாக உங்கள் பாட்டியின் பெயரை வையுங்கள், விருப்பமிருந்தால் படகின் முன்முனையான அணியத்தில் தேங்காயும் உடையுங்கள். ஆனால் பழைய பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படகின் மேல் கடன் இருக்கிறதா, எப்போதாவது தரைதட்டி இழப்பீடு வாங்கியதா என்று விசாரிக்க அந்தப் பெயர்தான் நூல்முனை. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பெயர் மாறிய படகென்றால் எனக்கு வரும் கிலி வேறு வகை.

ஆக, சர்வேயரை அமர்த்துங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் ஆளை விட்டு, நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்கட்டும். கிரேன் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு அரைமணி முன்னதாகப் போய் நில்லுங்கள். முதல் நாளே ஏற்றி வைத்துவிட்டோம், சாவகாசமாக வாருங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கரையேறிக் காயத் தொடங்கினால் சின்னக் கொப்புளங்கள் அமுங்கிவிடும். மருந்துக் கடையிலோ பள்ளிக்குப் பொருள் விற்கும் கடையிலோ நீல லிட்மஸ் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டால் எனக்கும் ஒரு படம் அனுப்பலாம்.