எத்தனை அட்டாச்டு, யாருக்கு அட்டாச்டு?

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குத் தெற்கே ஒரு வீடு. கட்டி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. மாடிச் சுவரில் விரிசல் என்று என்னை அழைத்திருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பூச்சில் விழுந்த மயிரிழைக் கீறல். பார்த்துவிட்டுக் கீழே வந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த அந்த வீட்டு அம்மாவிடம், "எந்த அறையில் படுக்கிறீர்கள்?" என்று பேச்சுக்குக் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர். கிழக்கு அறையைக் கை காட்டினார். அந்த அறைக்குப் பாத்ரூம் கிடையாது. கீழ்த்தளத்தில் இருந்த ஒரே பாத்ரூம், மகனும் மருமகளும் படுக்கும் அறைக்குள் இருந்தது.

"ராத்திரியில் என்ன செய்வீர்கள், அம்மா?"

"ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, மக்களே."

மருமகள் நல்ல பெண். நள்ளிரவில் தட்டினாலும் எழுந்து திறப்பாள். ஆனால் தட்டக் கை எழ வேண்டுமே. மாடியில் பளபளக்கும் டைல்ஸ் போட்ட இரண்டு பாத்ரூம்கள் பூட்டிக் கிடந்தன. வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒரு மாதம் வரும் இளைய மகனின் குடும்பத்துக்கு. ஆக மொத்தம் மூன்று பாத்ரூம், மூன்றும் அட்டாச்டு. மண்ணை வாங்கிக் கொடுத்த தாய்க்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்த வரைபடத்தை நான் போடவில்லை. அதே போன்ற வரைபடங்களைத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் போட்டிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் பால்காய்ப்புக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கும் முறையே தனி. அடுக்களையை எட்டிப் பார்ப்பார்கள், பிறகு ஒவ்வொரு படுக்கையறையிலும் நுழைந்து பாத்ரூம் கதவைத் திறந்து மூடுவார்கள். திரும்பிப் போகும்போது, "மூன்று அட்டாச்டு" என்பார்கள். கல்யாணத் தரகர்களும் இந்தக் கணக்கைக் கேட்கிறார்கள். அதனால் வீடு கட்ட வருகிறவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் எத்தனை பேர் குடியிருக்கப் போகிறார்கள் என்று சொல்வதில்லை, எத்தனை அட்டாச்டு வேண்டும் என்றுதான் சொல்கிறார்.

ஆசைப்படுவதில் தவறில்லை. நான் பிறந்த வீட்டில் குளிமுறி புறவாசலில், கிணற்றை ஒட்டி இருந்தது. கழிவறை அதற்கும் அப்பால், தென்னைமூட்டில். அடைமழையில் டார்ச் அடித்துக்கொண்டு அங்கே போவது என்னவென்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். பழைய வீட்டின் அருமையைப் பற்றி மேடையில் உருகுகிறவர்களை ஆடி மாதத்தில் ஒரு வாரம் அங்கே தங்கச் சொல்ல வேண்டும். படுக்கையிலிருந்து பத்தடியில் கழிவறை இருப்பது பெரிய வசதி. மூட்டு வலி உள்ளவருக்கும், சர்க்கரை நோயால் இரவில் நான்கு முறை எழுகிறவருக்கும், பிரசவித்துப் படுத்திருக்கும் பெண்ணுக்கும் அது வசதிக்கும் மேலே.

என்னிடம் கேட்டால், ஒரு குடும்ப வீட்டுக்குக் கட்டாயம் ஓர் அட்டாச்டு பாத்ரூம் வேண்டும். அது கீழ்த்தளத்தில், வயதானவர் படுக்கும் அறைக்கு வேண்டும். இன்று வயதானவர் இல்லையென்றால், கட்டுகிறவரே இருபது வருடத்தில் அந்த அறைக்கு வந்து சேர்வார். அதற்கு அடுத்தபடி, எந்தப் படுக்கையறைக்குள்ளும் நுழையாமல் போகக்கூடிய பொதுப் பாத்ரூம் ஒன்று. இந்த இரண்டையும் முடித்த பிறகு இடமும் பணமும் இருந்தால் மூன்றாவதைப் பேசலாம்.

இடக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 30 சதுர அடி. நம் ஆட்கள் 8 அடிக்கு 5 அடி கட்டுகிறார்கள், 40 சதுர அடி. சுவரையும் சேர்த்தால் 50ஐத் தொடும். மூன்று கட்டினால் 150. 12 அடிக்கு 12 அடி அறை 144 சதுர அடிதான். 1,200 சதுர அடி வீட்டில் ஒரு முழு அறையைப் பாத்ரூம்களுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் படிக்க இடமில்லை என்று வரவேற்பறையில் மேசை போடுகிறார்கள்.

அடுத்தது ஈரம். மற்ற மாவட்டத்து வீட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே கட்டினால் மாட்டிக்கொள்வது இதில்தான். நமக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு மணி நேரத்தில் காயும் துண்டு, குலசேகரத்தில் இரண்டு நாள் தொங்கினாலும் நமுத்தே இருக்கும். இந்த ஈரத்துக்குள், படுக்கையறையின் ஒரு சுவருக்குப் பின்னால் தினமும் நான்கு பேர் குளித்தால் என்ன ஆகும்? தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் அலமாரியைத் திறந்து காட்டினார்கள். பாத்ரூம் சுவரிலேயே பதித்த அலமாரி. அடித்தட்டில் இருந்த கல்யாணப் பட்டின் ஜரிகை ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. சுவரைத் தொட்டேன், பெயின்ட் கையோடு வந்தது. மறுபுறம் சரியாக அந்த உயரத்தில் ஷவர் குழாய்.

இப்போதெல்லாம் பாத்ரூம் சுவரில் அலமாரி வைக்க நான் சம்மதிப்பதே இல்லை. ஷவர் இருக்கும் சுவருக்குத் தரையிலிருந்து ஓரடி வரை மட்டும் நீர்த்தடுப்புப் பூசிவிட்டு மேலே டைல்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று கொத்தனார் சொன்னால் நம்பாதீர்கள். டைல்ஸுக்கு நடுவே உள்ள இணைப்பில் தண்ணீர் போகும். தலை உயரம் வரை பூச வேண்டும். மாடிப் பாத்ரூமுக்குத் தளத்தைத் தாழ்த்திப் போட்டிருந்தால், அதை நிரப்புவதற்கு முன் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே போய் அண்ணாந்து பாருங்கள். ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் வேலையை நிறுத்திவிடலாம். நிரப்பி டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்தால், எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். பாத்ரூமின் ஒரு சுவராவது வெளிச்சுவராக இருக்கட்டும், அதில் திறக்கிற ஜன்னல் இருக்கட்டும். நடுவீட்டில் இருட்டுப் பெட்டி போல ஒன்றைக் கட்டி, சுற்றுகிற விசிறியை நம்பி விட்டுவிடுவது நம் ஊருக்கு ஒத்துவராது. குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து, விசிறியும் கீலும் தாழ்ப்பாளும் துருவேறிப் போகும்.

இனி, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து யாருமே கேட்காத கேள்வி. கிணறு எங்கே?

கல்குளம், விளவங்கோடு பக்கம் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு கிணறு. ஐந்து சென்டிலும் கிணறு, பக்கத்து ஐந்து சென்டிலும் கிணறு. செப்டிக் டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2470ஆம் எண் தரநெறி. 18 மீட்டர் என்றால் 59 அடி. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. வடக்குப் பக்கம் 40 அடி, கிழக்குப் பக்கம் 54 அடி உள்ள மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் மட்டும்தான் 67 அடி கிடைக்கும். கிணறு வடகிழக்கில், ஈசானிய மூலையில் இருக்கும். அதற்கு நேர் குறுக்கே தென்மேற்கில் கன்னிமூலை. அங்கே குழி தோண்ட வாஸ்து பார்ப்பவர் விடமாட்டார். வடமேற்கில் உள்ள வாயுமூலைக்குத் தள்ளுவார். அதுவும் கிணறு இருக்கும் அதே வடக்குப் பக்கம்தான். மதிலுக்கு விட்டது போக இரண்டுக்கும் நடுவே முப்பது அடி தேறினால் அதிகம். சாத்திரத்தோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. தென்கிழக்கே அக்கினி மூலைப் பக்கம் கொண்டுபோனால் நாற்பத்தைந்து அடியாவது கிடைக்குமே என்று கெஞ்சிப் பார்ப்பேன், சில வீடுகளில் நடக்கும்.

இதற்கும் பாத்ரூம்களின் எண்ணிக்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். செப்டிக் டேங்கின் அளவை ஆட்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஐந்து பேருக்கு, வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வதானால், உள்ளளவில் 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம் போதும் என்கிறது அதே தரநெறி. பாத்ரூம் இரண்டானாலும் நான்கானாலும் ஐந்து பேர் ஐந்து பேர்தான். சிக்கல் குழாயில் இருக்கிறது. அறைக்கு ஒன்றாக வீட்டின் நான்கு பக்கமும் பாத்ரூம் வைத்தால், எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவரக் குழாய்க்குச் சரிவு போதாது. வாட்டம் இல்லாத குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் பின்பக்கம் இன்னொரு குழி தோண்டி உறை இறக்கிவிடுவார்கள். அந்த இரண்டாவது குழி நம் கிணற்றிலிருந்து தூரத்தில்தான் இருக்கும், பக்கத்து வீட்டுக் கிணறு மதிலுக்கு அந்தப் புறம் பத்தடியில் இருப்பதை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கோடையில் ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியின் அடியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும். வெட்டுக்கல் (லேட்டரைட்) நிலத்தில் அந்தத் தண்ணீர் நடக்கிற வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கல்லைக் கையில் எடுத்தாலே துளைகள் தெரியும்.

ஆகவே பாத்ரூம்களை முதுகோடு முதுகு ஒட்டி, மாடியில் உள்ளதைக் கீழே உள்ளதற்கு நேர் மேலே வையுங்கள். ஒரே குழாய் வரிசை, அடியிலும் கான்கிரீட் போட்ட ஒரே டேங்க், இரண்டு கிணறுகளையும் பார்த்து இடம் குறித்த ஒரே உறிஞ்சுகுழி. டேங்கின் மூடிவரை கழிவுநீர் லாரியின் குழாய் வந்து சேரும் வழி இருக்கட்டும். மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டிக் கார் நிறுத்துகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புக் கவசமும் ஏற்பாடுகளும் இல்லாமல் உள்ளே ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீரை எப்படியும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

பூட்டிக் கிடக்கும் மாடிப் பாத்ரூமுக்கு வருகிறேன். லீவுக்கு வந்த மறுநாளே, "ஒரே நாற்றம், கரப்பான் வேறு, பிளம்பர் ஏமாற்றிவிட்டார்" என்று எனக்குப் போன் வரும். பிளம்பர் பாவம். தரையில் தண்ணீர் வடியும் துளைக்கு அடியில் உள்ள ட்ராப்பில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். கழிவுக் குழாயின் வாடை மேலே வராமல் தடுப்பது அதுதான். பயன்படுத்தாவிட்டால் அது ஆவியாகி வற்றிப்போகும். மாதம் இரண்டு முறை யாராவது மாடி ஏறி எல்லா ட்ராப்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டில் இருப்பது மூட்டு வலிக்கார அம்மா மட்டும் என்றால், அந்த வேலையும் அவர் தலையில்தான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாமல் மேல்தொட்டி காலியானதும் எல்லா அட்டாச்டு பாத்ரூமும் ஒரே நாளில் பயனற்றுப்போனது. கிணற்றடியில் கப்பியும் கயிறும் பழைய குளிமுறியும் மிச்சமிருந்த வீடுகளுக்கு அக்கம்பக்கத்தார் வாளியோடு வந்தார்கள். புது வீடு கட்டும்போது அந்தக் குளிமுறியை இடிக்கச் சொன்னால், முடிந்தவரை நான் மறுத்துவிடுகிறேன்.

ஒரு பாத்ரூமுக்கு இரண்டு அறைகளிலிருந்தும் கதவு வைத்தால் இரண்டு அட்டாச்டு கணக்கு வருமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். உள்ளே போனவர் எதிர்க்கதவைத் தாழிட்டுவிட்டுத் திறக்காமல் வந்துவிடுவார். விடியற்காலையில் அடுத்த அறைக்காரர் வெளியே நின்று தட்டிக்கொண்டிருப்பார்.

வயதானவருக்கான பாத்ரூமுக்குக் கதவு மூன்றடி அகலம் வேண்டும், வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். வழுக்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகையில் இருக்கட்டும். வாசலில் படி கூடாது. கைப்பிடிக் கம்பியைச் சுவர் கட்டும்போதே இடம் குறித்துப் பதித்துவிட வேண்டும். பிற்பாடு டைல்ஸில் துளை போட்டு மாட்டும் கம்பி, பிடித்துத் தொங்கும் அன்று கையோடு வரும்.

மார்த்தாண்டத்து அம்மாவுக்குக் கிழக்கு அறையை ஒட்டியிருந்த சாமான் அறையைப் பாத்ரூமாக மாற்றினோம். பின்சுவருக்கு அந்தப் புறமே பழைய குழாய் வரிசை போனது அதிர்ஷ்டம். இருபத்தைந்து நாள் வேலை. மகன்தான் அவசரப்படுத்தினார். ஆறு மணிக் கதையை அவர் அன்றுவரை கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது என் மேசையில் கருங்கல் பக்கத்து மனை ஒன்று இருக்கிறது. ஐந்தரை சென்ட், மூன்று படுக்கையறை, நான்கு பாத்ரூம் என்று மனைக்காரர் தோஹாவிலிருந்து படம் வரைந்து அனுப்பியிருக்கிறார். கீழே அப்பாவின் அறைக்கு ஒன்று, பொதுவாக ஒன்று, மாடிக்குக் குழாயை மட்டும் போட்டு மூடிவைக்கலாம் என்று திருத்தி நேற்று அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறியும் விழுந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.