செல்லுக்குள் கால்சியத்தை அளப்பது எப்படி?

போர் தண்ணீர் வரும் வேளச்சேரி வீடுகளில் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் நிறையவே கால்சியம் உண்டு. நம் ரத்தத்திலும் அது தாராளம். ஆனால் ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் சுமார் 100 நானோமோலார்தான் (செறிவைச் சொல்லும் மிகச் சிறிய அலகு இது). வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உள்ளே கசிந்து வருவதைச் செல் ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. இதயத் தசை சுருங்கும்போது இந்த அளவு சட்டென்று ஏறி, உடனே இறங்கும். செல்லைக் கிழிக்காமல் இதைப் பார்க்க வழி செய்தவர் அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் சியென்.

அவரும் சகாக்களும் 1985இல் அறிவித்த, ஒளி பட்டால் ஒளிரும் சாயம் ஃபுரா-2. நண்டுக் கொடுக்குபோல அது கால்சியத்தைக் கவ்வும். செல்லுக்குள் மக்னீசியம் பல மடங்கு அதிகம். இருந்தும் அதை அநேகமாகக் கண்டுகொள்ளாது. சிக்கல் என்னவென்றால், கவ்வும் அந்த முனைகளில் மின்னூட்டம் இருப்பதால் எண்ணெய்ப் பசையுள்ள செல் சவ்வைச் சாயம் தாண்டாது. அதனால் முனைகளுக்கு மின்னூட்டத்தை மறைக்கும் எஸ்டர் என்ற வேதி உறை போட்டு அனுப்புகிறார்கள். உள்ளே போனதும் செல்லின் சொந்த நொதிகளே உறையை வெட்டிவிடும். சாயம் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த உபாயம்தான்.

அடுத்தது, சாயத்தின் ஒளிர்வை நம்பலாமா? தடித்த செல்லில் சாயம் அதிகம், அதனாலேயே அது பளிச்சென்று தெரியும். ஃபுரா-2 இதற்கும் வழி வைத்திருக்கிறது. 340 நானோமீட்டர் அலைநீள ஒளி பட்டால், கால்சியம் கூடக்கூடப் பிரகாசம் கூடும், 380இல் குறையும். இரண்டிலும் வெளிவருவது 510 அருகே பச்சை. ஒன்றை மற்றதால் வகுத்தால் சாயத்தின் அளவு அடிபட்டுப் போய், கால்சியத்தின் கதை மட்டும் மிஞ்சும். அந்த விகிதத்தை அளவாக மாற்ற, கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் அயனோமைசின் ஊற்றி உச்சத்தையும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ ஊற்றிக் கீழ் எல்லையையும் பார்த்துக்கொள்வோம்.

செய்முறைக் குறிப்பில் ‘அறை வெப்பநிலை’ என்று இருக்கும். சென்னையில் மே மாதம் ஏசி நின்றுபோன அறை அதுவல்ல. சூடு ஏறினால் சாயம் செல்லின் உள்ளறைகளான மைட்டோகாண்டிரியாவுக்குள்ளும் புகுந்துகொள்ளும், எண்கள் கெடும். ஒருமுறை ஒரு நாள் வேலை அப்படி வீணானது. தண்ணீரிலும் கவனம் வேண்டும்: காய்ச்சி வடித்த நீரில்கூடச் சில மைக்ரோமோலார் (ஒன்று என்பது ஆயிரம் நானோமோலார்) கால்சியம் ஒட்டியிருக்கலாம்; செல்லுக்குள் இருப்பதைப்போல் அது பல மடங்கு.

எல்லாம் சரியாக அமைந்த நாளில், இருட்டறையில் செல்கள்மேல் அவற்றைத் தூண்டும் ஏடிபி ஒரு சொட்டு விடுவோம். திரையில் நீலம் என்றால் கால்சியம் குறைவு, சிவப்பு என்றால் அதிகம். நீலமாகக் கிடந்த திரையில் ஒரு செல் மஞ்சளாகி, சிவப்பாகும். பக்கத்துச் செல் இரண்டு நொடி கழித்து எழும். பிறகு இரண்டும் மெல்ல நீலத்துக்கே திரும்பும்.