சீராக்கா, பென் சீராவா?

தமிழ்த் திருவிவிலியத்தில் 'சீராக்கின் ஞானம்' என்று 51 அதிகாரம் கொண்ட ஒரு நூல் இருக்கிறது. சீராக் யார் என்று கேட்டால் அதை எழுதியவர் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் எழுதியவர் பெயர் யேசுவா. எருசலேம்காரர், காலம் ஏறக்குறைய கி.மு. 180. சீரா என்பது அவருடைய முன்னோர் பெயர், 'பென்' என்றால் எபிரேயத்தில் மகன், ஆக 'பென் சீரா' என்பது சீரா வீட்டுப் பிள்ளை என்கிற மாதிரி. ஞான நூல்களைச் சாலமோன் பெயரில் எழுதிய காலத்தில் இவர் 50-ஆம் அதிகாரத்தில் தன் பெயரையே போட்டிருக்கிறார், நாம் என்னவோ அதை விட்டுவிட்டு முன்னோர் பெயரைப் பிடித்துக்கொண்டோம்.

சரி, கடைசியில் 'க்' எப்படி வந்தது? கிரேக்கத்தில் எழுதும்போது ஒட்டிக்கொண்ட ஒலி அது. அக்கல்தமா என்ற இடப்பெயரையும் சில கிரேக்கப் படிகள் இப்படித்தான் 'அக்கல்தமாக்' என்று எழுதுகின்றன. கி.மு. 132-இல் எகிப்துக்குப் போன பேரன்தான் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். எபிரேயத்தில் சொன்னதற்கு இன்னொரு மொழியில் அதே வலிமை வராது என்று முன்னுரையிலேயே எழுதி வைத்தார். அப்புறம் எபிரேய மூலம் பல நூற்றாண்டு கண்ணில் படவே இல்லை. 1896-இல் கெய்ரோ யூதத் தொழுகைக்கூடத்தின் பழஞ்சுவடி அறையிலிருந்து வந்த ஒரு தாள் அந்த மூலத்தின் பகுதிதான் என்று கேம்பிரிட்ஜில் யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் அடையாளம் கண்டார். 1964-இல் இஸ்ரேலின் மசாதா கோட்டையில் தோல் சுருளே கிடைத்தது, ஒவ்வொரு வரியும் இரண்டு பாதியாகப் பிரித்து, நடுவில் இடம் விட்டு எழுதப்பட்ட சுருள்.

லத்தீனில் இதற்கு 'எக்லேசியாஸ்திகுஸ்', அதாவது திருச்சபை நூல் என்று பெயர். இதை, லத்தீனில் 'எக்லேசியாஸ்தேஸ்' எனப்படும் 'சபை உரையாளர்' என்ற விவிலிய நூலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.

எந்த வகையில் சேர்ப்பது என்பதிலும் சொற்கள் மோதுகின்றன. இதை விவிலியத்தின் பகுதியாக ஏற்கும் கத்தோலிக்கர் 'இணைத்திருமுறை' என்கிறார்கள், ஏற்காத சீர்திருத்தச் சபையினர் 'தள்ளுபடி ஆகமம்' என்கிறார்கள். தள்ளுபடி ஆகமங்களைக் குறிக்கும் 'அப்போக்ரிபா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் மறைக்கப்பட்டவை. யூத மறை ஆசிரியர்களான ரபிகளின் சொல் 'செஃபாரிம் ஹிட்சோனிம்', தமிழில் புறநூல்கள் என்று அப்படியே சொல்லிவிடலாம். 'தள்ளுபடி' எனக்கு ஒப்பவில்லை: வாசிக்கக் கூடாது என்று ஒரு ரபி சொன்னதைப் பதிவுசெய்த அதே தல்மூத் (ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த யூத நூல்), பென் சீராவின் நல்ல வரிகளை மேற்கோளும் காட்டுகிறது.

'ஞானம்' என்ற சொல்லும் முழுசாகப் பொருந்தாது. தமிழில் ஞானம் என்றதும் துறவும் தியானமும்தான் நினைவுக்கு வரும். எபிரேய 'ஹொக்மா'வில் கைத்தொழில் திறமையும் அடக்கம். 38-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்: உலைக்களத்து அனலில் உடல் வேகும் கொல்லர், சம்மட்டி ஓசை காதில் அறைய, செய்யவேண்டிய பொருளின் மாதிரி மேலேயே கண் வைத்திருக்கிறார், குயவர் காலால் சக்கரம் சுற்றுகிறார். வேதம் கற்றவருக்குத்தான் மேலான இடம் என்று பென் சீரா ஒளிக்காமல் சொல்கிறார், ஆனாலும் இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வேலையில் ஞானி, இவர்கள் இல்லாமல் ஊரே அமையாது என்கிறார். அந்த இடத்தில் 'அறிவுடைமை' என்றால் இன்னும் சரியாக விழும்.

நூலின் பெயருக்கு என் தேர்வு 'பென் சீரா நூல்'. தல்மூத்தும் 'செஃபர் பென் சீரா' என்றுதான் அதைக் குறிக்கிறது.