ஏற்றுமதிக் கட்டுப்பாடு: உத்தியோகத்தருக்குப் பயிற்சி எதற்கு?

போர்க் காலத்தில் யூரியாவும் பற்றரியும் சீமெந்தும் வன்னிக்குள் வராமல் மறிக்கப்பட்டது எங்கள் ஆட்களுக்கு நினைவிருக்கும். வயலுக்குப் போடும் உரம் வெடிமருந்துக்கும் உதவும் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோரையும் மறித்ததில் விவசாயிதான் நொந்துபோனான்.

இப்படி இரண்டு பயன் உள்ள பொருட்கள் நாட்டை விட்டு வெளியே போகும்போது பிரித்துப் பார்க்கும் ஏற்பாடுதான் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ஐ.நா. பாதுகாப்புச் சபை 2004 ஏப்ரலில் நிறைவேற்றிய 1540ஆம் தீர்மானம் எல்லா நாடுகளையும் இதற்குக் கட்டுப்படுத்துகிறது. அணு, இரசாயன, உயிரியல் ஆயுதங்களுக்கு உதவும் பொருட்கள் தவறான கைக்குப் போகக்கூடாது என்பதே அதன் நோக்கம். இலங்கையில் 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி கட்டுப்பாட்டுச் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க இரசாயன ஆயுதச் சட்டமும் இருக்கின்றன. உரிமம் கொடுப்பது ஒரு திணைக்களம், கொள்கலனைத் திறந்து பார்ப்பது சுங்கம்.

ஆனால் சட்டப் புத்தகம் கொள்கலனைத் திறந்து பார்க்காது. அதைப் பார்ப்பவருக்குத்தான் பயிற்சி வேண்டும். தயோடைக்கிளைக்கோல் என்ற இரசாயனம் பேனா மைக்கும் சாயத்துக்கும் பயன்படுகிறது. கடுகு வாயுவும் அதிலிருந்து செய்யலாம். கண்ணால் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. அதனால் பயிற்சியில் பொருளின் சுங்கக் குறியீட்டைச் சரியாக வாசிக்கவும், வாங்குபவர் உண்மையில் அந்தத் தொழில் செய்பவரா என்று விசாரிக்கவும், சரக்கு சுற்றுவழியில் போவதைக் கவனிக்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். உலக சுங்க அமைப்பு இதற்கென்றே தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. சந்தேகம் இல்லாத சரக்கைத் தாமதமில்லாமல் விடுவதும் இந்தத் தொழிலின் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பயிற்சி இல்லாத உத்தியோகத்தர் பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பார்.

எங்கள் வடக்குப் பக்கம் இரசாயனம் ஏற்றுமதியாவது குறைவு. கடலட்டையும் நண்டும்தான் போகின்றன. இது ஆயுத விடயம் அல்ல, வேறு சட்டம். ஆனாலும் உத்தியோகத்தருக்கு வேண்டிய திறமை ஒன்றேதான். அருகிவரும் உயிரினங்களுக்கான சைற்றிஸ் உடன்படிக்கையில் மூன்று கடலட்டை இனங்கள் 2020 ஓகஸ்ட் முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அவற்றை அனுப்ப வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை அட்டை அந்த மூன்றில் ஒன்று அல்ல. ஆனால் அவித்துக் காயவைத்த பிறகு எது எந்த இனம் என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். அந்தக் கண் கொழும்பில் மட்டும் இருந்தால் போதாது. அட்டை கரைக்கு வரும் பூநகரியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வேலை செய்யும் கடற்றொழில் உத்தியோகத்தருக்கும் வேண்டும். பயிற்சி வகுப்புகள் மாவட்டச் செயலகங்களுக்கு வரவேண்டும், தமிழிலும் நடக்கவேண்டும்.

கடலட்டை அனுப்ப அனுமதி கேட்ட உங்கள் விண்ணப்பம் இழுபட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். பண்ணைப் பதிவு, கொள்வனவு பற்றுச்சீட்டு, போக்குவரத்து அனுமதி எல்லாவற்றின் பிரதியையும் கையில் வைத்திருங்கள்.