பழைய ஹார்டு டிஸ்க்கைப் புதிய லேப்டாப்பில் மாட்டுவதற்கு முன்

தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ நடத்தும் ஒருவர், சென்ற மாதம் ஒரு ஹார்டு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி ராமநாதபுரத்தில் உள்ள என் கடைக்குக் கொண்டுவந்தார். "போர்டு போயிருச்சுண்ணே, புது லேப்டாப் வாங்கிட்டேன். இதை அதுல மாட்டிக் குடுத்தாப் போதும்" என்றார். புதியதன் அடிமூடியைக் கழற்றிக் காட்டினேன். அந்த டிஸ்க்கை வைக்க உள்ளே இடமே இல்லை.

பழைய லேப்டாப்களில் இருப்பது சாட்டா இணைப்புள்ள இரண்டரை அங்குல டிஸ்க்; அதன் தடிமன் 7 அல்லது 9.5 மி.மீ. இப்போது வரும் பெரும்பாலானவற்றில் 22 மி.மீ. அகலமுள்ள எம்.2 எஸ்.எஸ்.டி. என்ற மெல்லிய சேமிப்பு அட்டைக்கு மட்டுமே இடம் உண்டு. இடம் இருந்தாலும் விண்டோஸ் அப்படியே எழுந்துவிடும் என்று நம்பக் கூடாது. டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறை மட்டும் உள்ள புதிய லேப்டாப் அதிலிருந்து தொடங்காது; தொடங்கினாலும், உரிய டிரைவர் இல்லாமல் நீலத்திரையில் நின்றுவிடுவதுண்டு. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமமும் பழைய மதர்போர்டைச் சேர்ந்தது, டிஸ்க்கைச் சேர்ந்ததன்று. ஆகவே புதியதில் அதற்குரிய விண்டோஸை இருக்கவிட்டு, பழைய டிஸ்க்கை யூ.எஸ்.பி. கேஸில் போட்டுக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

அதிலும் ஒரு பூட்டு உண்டு. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குவதே தெரியாமல் பலர் லேப்டாப்பைப் பயன்படுத்துகிறார்கள். திறவுகோல் பழைய போர்டில் உள்ள டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லின் காவலில் இருப்பதால், டிஸ்க்கை வேறு லேப்டாப்பில் இணைத்ததும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கீழக்கரையிலிருந்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, லேப்டாப்பை வாங்கி முதன்முதலில் திறந்தது யார் என்பதைத்தான். துபாயில் இருக்கும் மச்சானின் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியிருந்தால், எண்ணும் அவரிடம்தான் இருக்கும். அது கிடைக்காவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. முடியும் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பாம்பன், மண்டபம் பக்கத்து லேப்டாப்களைத் திறந்தால் உப்புக்காற்று செய்த வேலை கண்ணில் படும்: போர்டில் பச்சைப் பூப்பு, கனெக்டரில் மங்கிய தகடுகள். டிஸ்க் நன்றாக இருந்தும் தொடுமுனை அழுக்கால் படிக்காமல் போவதுண்டு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுதும் உலர்ந்த பின்னரே இணைக்க வேண்டும். உப்புக்குப் பயந்து டிஸ்க்கின் மேலுள்ள சிறு துளையை டேப்பால் ஒட்டிவிடுகிறார்கள். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாவதற்கு, வடிகட்டியோடு வைத்த துளை அது, மூடக் கூடாது.

ஸ்டுடியோக்காரரின் டிஸ்க்கைத் துடைத்து இணைத்ததும், ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. அதற்கு 'ஆம்' சொல்லக் கூடாது; டிஸ்க் பழுதாகத் தோன்றும்போது, பிழை திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கையும் ஓடவிடக் கூடாது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் நின்ற செக்டார்கள் (தரவைச் சேமிக்கும் சிறு பகுதிகள்) இருந்தன. டக் டக் என்ற ஓசை இருந்திருந்தால் அப்போதே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன். ஓசை இல்லை. டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு நகலெடுத்து, அந்த நகலிலிருந்தே கோப்புகளை மீட்டேன். இரவு முழுதும் ஓடியது. சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. மற்ற கல்யாண ஆல்பங்கள் கிடைத்துவிட்டன.

பழைய டிஸ்க்கைக் கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறதியில் எதையாவது அதில் போட்டுவிடுவாரோ என்று, 'பயன்படுத்தாதே' என மார்க்கரால் அதன்மேல் எழுதி, துளையை மறைக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.