பெனால்டி பகுதியில் விழும் வீரர்: ஃபவுலா, நடிப்பா?

கால்பந்து நடுவராகப் பணியாற்றும் எனக்கு ரசிகர்களிடமிருந்து மட்டுமன்றி, புதிதாக விசில் பிடிப்பவர்களிடமிருந்தும் அடிக்கடி வரும் வாதம் ஒன்று உண்டு: தொட்டிருந்தால் ஃபவுல், தொடவில்லையென்றால் நடிப்பு. இதன் இரண்டு பாதிகளும் தவறு.

ஆட்ட விதிகளின் 12ஆம் விதிப்படி, எதிரணி வீரரை இடறிவிடுவது மட்டுமல்ல, இடறிவிட முயல்வதும் ஃபவுல்தான். தடுப்பாட்டக்காரர் காலை நீட்டிச் சறுக்கி வரும்போது, கணுக்காலைக் காப்பாற்றிக்கொள்ளத் துள்ளி நிலைதடுமாறும் முன்கள வீரர் யாரையும் ஏமாற்றவில்லை. மறுபுறம், முன்கள வீரரே தன் பின்னங்காலை இழுத்துச் சென்று எதிராளியின் முழங்காலில் மாட்டிக்கொண்டு விழுந்தால், தொடுதல் இருந்தும் அங்கே ஃபவுல் இல்லை. எனவே நடுவர் பார்க்க வேண்டியது விழுந்த உடலையல்ல, விழுவதற்கு அரை நொடிக்கு முன் யாருடைய கால் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதையே.

அதைக் காண இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளி கண்ணில் படும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். நேர் பின்னால் ஓடி வருபவருக்கு முதுகுகள் மட்டுமே தெரியும். உண்மையாக இடறி விழுபவரின் கைகள் தரையை நோக்கித் தாமாகவே நீளும். நடிப்பவரின் கைகளோ பெரும்பாலும் மேலே போகும், முதுகு பின்னோக்கி வளையும், இடிபட்டதற்கும் விழுந்ததற்கும் நடுவில் ஓரடி கூடுதலாக ஓடியிருப்பார். பந்தையும் கவனிக்க வேண்டும்: எட்ட முடியாத தொலைவுக்கு அதைத் தட்டிவிட்டவருக்கு, ஆதாயம் தேட விழுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. இவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மஞ்சள் அட்டையை எடுப்பது அவசரம்.

ஏமாற்ற முயன்றார் என்பது உறுதியானால், விளையாட்டு உணர்வுக்கு மாறான நடத்தைக்காக மஞ்சள் அட்டையும், அதற்காக ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக்கும் (இதிலிருந்து நேரடியாகக் கோல் அடிக்க முடியாது) தரப்படும். உறுதியில்லையென்றால் ஃபவுலும் இல்லை, அட்டையும் இல்லை, ஆட்டம் தொடரட்டும் என்று கைகாட்டிவிடலாம். கோழைத்தனம் என்று பலர் ஏளனம் செய்யும் இந்த நடுவழியே பல வேளைகளில் சரியான தீர்ப்பு. 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராக இத்தாலியின் டோட்டி இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று வெளியேறியது நடித்தார் என்பதற்காகத்தான்; அந்த முடிவு இன்றளவும் விவாதிக்கப்படுகிறது.

அதே தொடரில் துருக்கி வீரர் உதைத்த பந்து காலில் பட, பிரேசிலின் ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உதைத்தவர் வெளியேற்றப்பட்டார்; ரிவால்டோவுக்குப் பின்னர் ஃபிஃபா விதித்தது அபராதம் மட்டுமே. 2018 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக பிரேசிலின் நெய்மாருக்கு வழங்கப்பட்ட பெனால்டியை, வீடியோ உதவியுடன் மீண்டும் பார்த்த நடுவர் ரத்து செய்தார். ஆனால் வீடியோ நடுவர் கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் (தவறான வீரருக்கு அட்டை காட்டுவது) போன்ற குறிப்பிட்ட சிலவற்றில் மட்டுமே தலையிடுவதால், மைதானத்தின் நடுவே நிகழும் நடிப்புகள் பெரும்பாலும் நடுவரின் கண்ணுக்கே விடப்படுகின்றன.

தலையில் அடிபட்டதாகத் தோன்றினால் மட்டும் இந்தக் கணக்குகள் எதுவும் வேண்டாம். கடுமையான காயமாக இருக்கலாம் என்று பட்டவுடனே விசில் ஊதி மருத்துவக் குழுவை அழைத்துவிட வேண்டும். நடிப்பா என்பதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.