குளோனார்கியாசிஸ்: வாய்ல நுழையாத பேரு, தமிழ்ல என்ன சொல்றது?

ஒரு புழுவால மனுசனுக்கு வர்ற நோயோட பேரு இது. பேரைக் கேட்டா ஏதோ பூ பேரு மாதிரி இருக்குல்ல, பாதி அப்படித்தான். கிரேக்கத்துல குளோன்னா கிளை, ஆர்கிஸ்னா விரை, அதாவது விந்தகம். ஆர்கிட் பூவுக்கு பேர் வந்ததும் அதே ஆர்கிஸ்லேர்ந்துதான், அதோட கிழங்கு பாக்க அப்படி இருக்கும். இந்தப் புழுவோட விரை கிளை கிளையா பிரிஞ்சிருக்கும், அதான் குளோனார்கிஸ். கடைசில வர்ற இயாசிஸ் நோயைக் குறிக்குது. ஆக பேர்ல விரை இருக்கு, கிளை இருக்கு, புழு எங்க குடியிருக்குங்கிறது மட்டும் இல்ல!

புழுவோட முழுப்பேர் குளோனார்கிஸ் சினென்சிஸ், அந்த சினென்சிஸுக்கு சீனத்துதுன்னு அர்த்தம், ஆனா மொதல்ல கண்டுபிடிச்சது கல்கத்தாவுல, 1874ல மக்கானல்னு ஒரு டாக்டர் செத்துப்போன ஒரு சீனத் தச்சரோட பித்தநாளத்துல (ஈரல்லேர்ந்து பித்தம் போற குழாய்ல) பாத்தாரு.

இங்லீஷ்ல சாதாரணமா லிவர் ஃப்ளூக்ம்பாங்க. ஃப்ளூக்னா பழைய இங்லீஷ்ல தட்டையான ஒரு மீன், அதனால நம்ம "தட்டைப்புழு" கனகச்சிதம். "கல்லீரல் புழு"ன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்போம், ஆட்டு ஈரல் மாட்டு ஈரல்ல இருக்கிறதையும் அப்படித்தான் சொல்றோம், ஆனா அது ஃபேசியோலான்னு வேற ஜாதி. இது ஈரலுக்குள்ள இருக்கிற பித்தக் குழாய்லயே தங்கிடுது, அதனால என்னைக் கேட்டா "பித்தநாளத் தட்டைப்புழு நோய்"தான் சரி. நாடாப்புழுன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது குடல்ல இருக்கிறது.

சீனா, கொரியா, வியட்நாம் பக்கம் ஆத்து மீனை வேக வைக்காம சாப்பிடறவங்களுக்கு வருது. மீன் சதைல இருக்கிற குஞ்சுப்புழு குடலுக்குப் போய் கூட்டை விட்டு வெளிய வந்து பித்தநாளத்துல ஏறிக்கும், அங்கயே 20 வருஷத்துக்கு மேல கூட உசுரோட கெடக்கும், ரொம்ப நாள் இருந்தா அடைப்பு, மஞ்சள் காமாலை, பித்தநாளப் புத்துநோய் வரைக்கும் போகலாம். தாய்லாந்து இசான் பக்கம் கோய் பிளான்னு பச்சை மீன் சாப்பாட்டுல வர்றது இதோட பங்காளி, ஓபிஸ்தார்கிஸ், அதுக்கு பின்பக்க விரைன்னு அர்த்தம். பேர் வெச்சவங்க வேற எதையுமே பாக்கல போல!

மருந்து பிராசிகுவான்டல், எடைக்கு கிலோவுக்கு 25 மில்லிகிராம், நாளைக்கு 3 வேளை, 2 நாள், டாக்டர் சொல்லித்தான் எடுக்கணும். ஸ்கூல்ல ஒரே ஒரு பூச்சி மாத்திரை குடுப்பாங்கல்ல, அல்பெண்டசோல், அந்த ஒண்ணு இதுக்குப் பத்தாது, அதையே குடுக்கறதா இருந்தா 7 நாள் குடுப்பாங்க. ஆட்டு ஈரல் ஜாதி மனுசனுக்கு வந்தா பிராசிகுவான்டல் சரியா கேக்காது, டிரைக்ளாபெண்டசோல்தான். ரெண்டையும் ஒரே "கல்லீரல் புழு"ன்னு எழுதினா மருந்துலயே கொழப்பம் வரும்.